ஆவன்னா வாத்தியார்

மணலைச் சலித்துக்கொண்டிருந்தார் ராஜரத்தினம் வாத்தியார். காப்பி ஸ்டோரின் மேல்தட்டில் காயப்போட்ட கொட்டையின் உமி, பலகை இடுக்குகளின் வழியே உதிர்ந்து, கீழே பள்ளிக்கூடத்து மணலோடு கலந்துவிடும். உமி கலந்த மணலில் விரல் வைத்தால் பிள்ளைகளுக்குக் குத்தும். அதனால் விடிந்ததும் முதல் வேலை சல்லடை. சலித்த மணலைத் தரையில் பரப்பி, ஒரு சட்டப் பலகையால் தடவிச் சமன்செய்வார். நேற்றைய எழுத்தெல்லாம் அதோடு மறைந்துபோகும். யாராவது ஒரு பிள்ளை போட்ட 'ஈ' அழகாக அமைந்திருந்தால், அதை மட்டும் கடைசிவரைக்கும் தொடாமல் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டு வருவார். பிறகு அதையும் அழிப்பார்.

மெலிந்த உடம்பு. கழுத்துவரை பூட்டிய வெள்ளைக் கோட்டு, அதன்மேல் மலைக்குளிருக்காகத் தோட்டத்து ஆட்களைப் போலவே ஒரு கறுப்புக் கம்பளி. அட்டை கடிக்காமல் இருக்கக் கணுக்காலில் சுண்ணாம்பு பூசியிருப்பார். அந்த வெள்ளை வளையத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள், "வாத்தியாரு தண்ட போட்டிருக்காரு" என்று தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கும் அது தெரியும். அந்தச் சிரிப்பு அவரை ஒன்றும் செய்வதில்லை. அவரைக் கலங்கவைப்பது வேறு சிரிப்பு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கண்டிச் சீமையின் காடுகளை வெட்டிச் சரித்து மலை மலையாகக் காப்பி நட்ட காலம் அது. தெல்தோட்டைக்கு மேலே, மேகம் வந்து குந்தும் உயரத்தில் இருந்தது இந்தத் தோட்டம். பாதிரியார் கேட்டுக்கொண்டதற்காகத் துரை ஸ்டோரின் கீழ்த்தளத்தில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார். அதுதான் பள்ளிக்கூடம். பகலில் சின்னப் பிள்ளைகள் வரும். வேலை முடிந்த பிறகு, வெளிச்சம் இருக்கும்வரை, காப்பிப் பழம் பறிக்கப் போய்வந்த பெரிய பிள்ளைகள் வரும்.

அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பிள்ளையின் விரலைப் பிடித்து, "இப்பிடி இறங்கு, இப்ப வளை, இன்னும் வளை, ஆ... வீட்டுக்கு வந்திட்டாய்" என்று எழுத்தைச் சுற்றி ஒரு ஊர்வலமே நடத்திக்காட்டுவார். அழுதுகொண்டு வரும் பிள்ளைகூட இரண்டு எழுத்து தாண்டுவதற்குள் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆனால் எழுத்து முடிந்து சொல் தொடங்கும் இடத்தில் அவர் நின்றுவிடுவார். துடிப்பான பிள்ளை ஏதாவது, "இதுக்குப் பொறகு என்னாங்கய்யா?" என்று கேட்டால், "அது பிறகு பாப்பம்" என்பார். கேட்டுக் கேட்டு, தோட்டத்து ஆட்களின் வரிசைவீடுகளான லயத்தில் இருந்தவர்கள் அவரைப் போலவே இழுத்துப் பேசப் பழகிவிட்டார்கள். அடுப்பு எப்போது எரியும் என்று புருஷன் கேட்டால், "பிறகு பாப்பம்" என்பாள் பெண்டாட்டி. அவருக்கு அவர்கள் வைத்த பெயர் ஆவன்னா வாத்தியார்.

அவர் அப்படி நின்றுபோனதில் யாரும் குறை கண்டதில்லை. குறை காண நேரமும் இல்லை. ஆவணியில் அக்கரைத் தமிழகத்திலிருந்து தோணியில் வந்து, மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து தோட்டம் சேர்கிற கூட்டம், பழம் பறித்து முடிந்து தை பிறந்ததும் அதே பாதையில் ஊருக்குத் திரும்பிவிடும். பிள்ளைகளும் கூடவே போய்விடும். கற்ற எழுத்தை அந்தப் பிள்ளை ஊரில் வைத்துக் காப்பாற்றியதா, வழியிலேயே தொலைத்துவிட்டதா, முதலில் ஊர் போய்ச் சேர்ந்ததா என்பதுகூட வாத்தியாருக்குத் தெரிய வழியில்லை. அடுத்த ஆவணியில் புதுப் பிள்ளைகள். மறுபடி அனா, ஆவன்னா. தான் யாருக்காவது எதையாவது கற்பித்திருக்கிறோமா என்று சில நாட்கள் அவருக்கே சந்தேகம் வந்துவிடும். ஆனாலும் அந்த வரத்தும் போக்கும் அவருக்கு வசதியாகத்தான் இருந்தது. 'பிறகு' என்கிற நாள் வருவதற்கு முன்பே எல்லோரும் போய்விடுகிறார்கள் அல்லவா?

ஒருமுறை பாதிரியார் குதிரையில் வந்து, கண்டி நகரத்துப் பள்ளியில் மேல்வகுப்பு ஒன்றுக்கு ஆசிரியர் இடம் காலியாக இருப்பதாகச் சொன்னார். அவர் வெள்ளைக்காரர். தமிழைப் புத்தகத்தில் கற்றவர். பேச்சும் புத்தகமாகவே வரும்.

"நீர் அங்கே வருவீரானால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்."

"எனக்கு நெஞ்சிலை கொஞ்சம் சுகமில்லை, ஐயா. இந்த மலைக்காத்துத்தான் ஒத்துவருது. இந்தப் பிள்ளையளை விட்டிட்டு வரவும் மனமில்லை."

பாதிரியார் கண் கலங்கிவிட்டார். அந்தச் செய்தி பரவியது. தெல்தோட்டைச் சந்தியில் கடை வைத்திருந்த ஜவாஹிர், அரிசி நிறுத்துக்கொண்டே, "டவுன் பள்ளிய வாணாண்டு சொல்லிட்டு இந்தப் புள்ளையளுக்காகவே ஈக்கிறீங்களாமே மாஸ்டர். அல்லாஹ் அதுக்கு நல்ல கூலி தருவான்" என்றார். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு அரிசிப் பொட்டலத்தை வாங்கினார். அடக்கமான மனிதர் என்று ஜவாஹிர் நினைத்தார். மேட்டில் ஏறிப் போகும்போது வாத்தியாருக்குக் காது இரண்டும் எரிந்தன. நெஞ்சில் ஒரு நோவும் இல்லை. போகாததற்குக் காரணம் பயம். அதைத் தியாகம் என்று நாலு பேர் புகழ, கேட்டுக்கொண்டு நிற்பது அடி வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

அந்தப் பயத்துக்கு ஒரு நாளும் ஒரு இடமும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்து, மிஷன் பள்ளியில் நல்ல பெயரோடு படித்து, மீசை சரியாக அரும்பாத வயதில் கண்டிப் பள்ளிக்கு உதவி ஆசிரியராக வந்தவர் ராஜரத்தினம். பூகோளப் பாடம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் தலைமை ஆசிரியர் வந்து கதவோரம் நின்றார். அவரும் யாழ்ப்பாணத்தவர்தான். சும்மா நின்றார். அப்போது ஒரு பையன் எழுந்து, "மலையில ஏற ஏறச் சூரியனுக்குக் கிட்டத்தானே போறோம்? அப்போ ஏன் ஐயா குளிருது?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கண் கதவோரம் போனது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஏதோ சொல்லத் தொடங்கினார், அது பாதியில் நின்றது. வேறொன்றைத் தொடங்கினார், அது இன்னும் மோசமாக நின்றது. பையன்கள் முதலில் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பிறகு நிமிர்ந்து சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் உள்ளே வந்து, பையன்களுக்கு முன்னாலேயே, ஆத்திரப்படாமல், விலை சொல்வதுபோலச் சொன்னார்: "தம்பி, உமக்கு அரிச்சுவடி காணும். அதுக்கு மேலை உம்மாலை ஏலாது."

அந்த மாதமே அவர் மலைக்கு அனுப்பப்பட்டார். அந்தச் சொல்லும் கூடவே வந்தது. தலையில் நரை விழுந்த பிறகும், எழுத்து முடிந்து சொல் தொடங்கும் இடத்துக்கு வந்தால், யாரோ கதவோரம் நிற்பதுபோல இருக்கும். உள்ளங்கை வேர்க்கும். "அது பிறகு பாப்பம்."

இப்படியே போயிருக்கும், மூக்காயி வராமல் இருந்திருந்தால்.

அவள் புருஷனோடு கிளம்பியவள், தனியாக வந்து சேர்ந்தாள். காட்டுப் பாதையில் வாந்திபேதி கண்டு அவன் ஒரு மரத்தடியிலேயே முடிந்துபோனான். கூட்டம் நிற்கவில்லை, நின்றால் மற்றவர்களும் அந்த நோயில் போயிருப்பார்கள். தோட்டத்துக்கு வந்து சில நாள் கழித்து, வேலை முடிந்து சாக்கைக் கொட்டிவிட்டு, அவள் பள்ளிக்கூடத்து மூலைக்கு வந்து நின்றாள்.

"வாத்தியாரய்யா, எனக்கும் ஒரு எடம் குடுங்க."

"உனக்கேன் பிள்ளை இது?"

"சும்மா குந்தியிருந்தா அந்த மனுசன் மொகமே கண்ணுக்குள்ள வந்து நிக்கிது. வேற எதையாச்சும் பாத்துக்கிட்டு இருக்கணும்ல."

பிள்ளைகளின் வரிசையில் கடைசியாக உட்கார்ந்தாள். முள்ளும் மண்ணும் பழகிய விரல். மணலில் ஆழமாகக் கீறும். "இந்த இனாவப் பாருங்கய்யா, சாக்கு முதுகுல, குனிஞ்சு நின்னு பறிக்கிறவ மாதிரியே இருக்கு" என்பாள். பிள்ளைகளுக்கு அவள் ஒரு விளையாட்டு. அவளுக்கு அது விளையாட்டு இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் முகம் பார்ப்பதுபோல உற்றுப் பார்ப்பாள்.

தை பிறந்தது. கூட்டம் மூட்டை கட்டியது. மூக்காயி கட்டவில்லை.

"ஊருக்குப் போகேல்லையோ?" என்று கேட்டார் வாத்தியார்.

"அங்க யாரு இருக்கா? மாமியாக்காரி வாசல்லயே நிப்பா. எம்மவன் எங்கடீன்னு கேப்பா."

ஆட்களைக் கூட்டிவந்த கங்காணி செல்லச்சாமியின் குடும்பத்தோடும் இன்னும் சில ஆட்களோடும் அவள் களை பிடுங்கத் தங்கிவிட்டாள். அந்த மாதங்களில் வாத்தியாருக்கு வேலை இராது. தன் குடிசைக் கூரைக்குப் புல் வேய்வார், சல்லடைக்கு வலை மாற்றுவார். அந்த வருஷம் மாலையானதும் ஒருத்தி மட்டும் வந்து வெறும் மணலின் முன்னால் உட்கார்ந்தாள்.

"புள்ளைக போனா என்னா? நான் இருக்கேன்ல."

அவர் அனாவிலிருந்து மறுபடி தொடங்கினார். அவள் எழுதினாள். முடிந்தது. எழுத்துச் சுத்தமில்லை என்று சொல்லி மறுபடி தொடங்கினார். அதையும் எழுதி முடித்தாள். இன்னொரு தடவை தொடங்கப் போனபோது அவள் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு அங்கிட்டு என்னா இருக்கு வாத்தியாரய்யா?"

"அது பிறகு பாப்பம்."

"பொறகுன்னா எப்ப?"

அப்படி ஒருவரும் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் மாலை பெட்டியின் அடியிலிருந்து இரண்டாம் வாசகப் புத்தகத்தை எடுத்தார். தாளின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. முதல் பாடம் கடலைப் பற்றியது. அவர் ஒரு வரி வாசித்தார். அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். "க... ட... ல். கடல்! அய்யா, கடல்தானே?" என்று நிமிர்ந்தவளின் முகத்தில், அந்த மலைக்கு வந்த பிறகு முதல்தடவையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. அவருக்கும் மனம் இளகியது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை காலம் என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

"ஒண்ணு கேக்கணும்யா. தோணியில வரயில தாகத்துக்கு ஒரு வாயி அள்ளிக் குடிச்சேன். கொமட்டிக்கிட்டு வந்துச்சு. மழத்தண்ணியும் ஆத்துத்தண்ணியும் தானே கடலுக்குப் போவுது? அதுல உப்பு இல்லியே. அப்பறம் கடலு மட்டும் ஏன் உப்பாக் கெடக்கு?"

கடலோரத்தில் பிறந்தவர் அவர். உப்பளத்து வெள்ளையைப் பார்த்து வளர்ந்தவர். ஆனால் அப்படி ஒரு கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. கண் தானாகக் கதவோரம் போனது. அங்கே மாலைப் பனி மட்டும் நின்றது. இருந்தும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய சிரிப்பு தலைக்குள் எழும்பி வருவதற்குள் அதை எப்படியாவது அடைத்துவிட வேண்டும் போலிருந்தது.

"உதெல்லாம் உன்ர மண்டையிலை ஏறாது. உனக்கு அரிச்சுவடி காணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய சொல் என்று அவருக்கு உறைத்தது.

மூக்காயி, "சரிங்கய்யா" என்றாள். விரலில் ஒட்டிய மணலைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து, இறங்கிப் போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. களைப்பாக இருக்கும் என்று முதலில் தனக்குச் சொல்லிக்கொண்டார். பெண்களுக்கு எதற்குப் படிப்பு என்று பிறகு சொல்லிக்கொண்டார். இரண்டும் ஒட்டவில்லை. வெறும் மணலைச் சலித்துச் சமன்செய்துவிட்டு, மாலையில் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கங்காணியின் மனைவி அழகம்மா ஒரு நாள் ஸ்டோருக்கு வந்தவள் அவரைப் பார்த்து நின்றாள். மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிற பெண்.

"மூக்காயிய என்னா சொல்லி வச்சீங்க வாத்தியாரய்யா?"

"ஏன்?"

"எங்க சின்னது எழுத்து காட்டச் சொல்லி அவகிட்டப் போயிருக்கு. 'போடா, நம்ம மண்டையில எல்லாம் அது ஏறாது, வாத்தியாரே சொல்லிப்புட்டாரு'ங்கிறா. அவன் இப்ப மணல்ல கையே வைக்க மாட்டேங்கிறான்."

அழகம்மா போன பிறகு வெகுநேரம் 'நம்ம' என்கிற அந்த ஒரு சொல் அவரை விடவில்லை. தன்மேல் விழுந்ததைத் தன்னோடு வைத்திருப்பதாகத்தான் இத்தனை காலம் எண்ணியிருந்தார். அது தன்னிடமிருந்து மூக்காயிக்குப் போய், அவளிடமிருந்து ஒரு சின்னப் பையனுக்குப் போய், லயம் முழுக்க நடந்து போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலையில் அவர் மணலைச் சலிக்கவில்லை. கோட்டைப் பூட்டிக்கொண்டு, கம்பளியைக் கூட எடுக்காமல், மலையேறினார். இத்தனை வருஷத்தில் அவர் காப்பி மலைக்குள் கால் வைத்தது கிடையாது. ஈரச் சரிவில் வழுக்கி, இரண்டு தடவை செடியைப் பிடித்துத் தொங்கி, களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் வரிசைக்கு வந்து சேர்ந்தபோது வேட்டி முழங்கால்வரை சேறு. எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூக்காயி மட்டும் பிடுங்கிக்கொண்டே இருந்தாள்.

"நான் அண்டைக்குச் சொன்னது பிழை" என்றார்.

"எதுங்கய்யா?"

"உங்கடை மண்டையிலை ஏறாதெண்டது." அதுவரை 'நீ' என்று பேசியவர் எப்படி 'நீங்கள்' என்று மாறினார் என்பதை அவரே கவனிக்கவில்லை. "கடல் ஏன் உப்பாக் கிடக்குதெண்டு எனக்குத் தெரியேல்லை. அதைச் சொல்லப் பயந்து அப்பிடிச் சொல்லிப்போட்டன்."

அவள் நிமிர்ந்தாள். "அதுக்குத்தானா?"

"ஓம்."

"தெரியலேன்னா தெரியலேன்னு சொல்ல வேண்டியதுதானே? நான் என்னா, கம்பெடுத்து அடிக்கவா போறேன்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்; பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பு தன்மேல் வந்து விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது மூக்காயி மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா அது வலிச்சிச்சுங்கய்யா. அந்த மனுசன் செத்தன்னிக்குக் கூட ஒரு வாய் கஞ்சி குடிச்சேன். நீங்க சொன்ன அன்னிக்குக் குடிக்கல."

"தெரியும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கும் ஒருத்தர் அதைத்தான் சொன்னவர். அதே சொல்லுதான்."

அவள் கையிலிருந்த களையை உதறி வரப்பில் போட்டாள். அன்று மாலை வந்தாள்.

அதன்பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். 'தெரியேல்லை' என்கிற சொல் முதலில் அவர் தொண்டையில் மீன்முள்போல நின்று நின்றுதான் வந்தது. சில நாள் வரவே வராது; புத்தகத்தை மூடிவிடுவார். அப்போது அவள் பேசாமல் எழுந்து போய்விடுவாள். மறுநாள் வந்து அதே வரியில் விரலை வைப்பாள். விடியற்காலையில், ஆளில்லாத ஸ்டோரில், அன்றைய பாடத்தைக் கம்பங்களுக்குச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு வந்தது. பாதிரியாரின் குதிரைச் சத்தம் கேட்டால் அப்போதும் கை தானாக ஆவன்னாவுக்குத் திரும்பிவிடும். அது போனதும் மறுபடி புத்தகம்.

தெரியாத கேள்விகளை அவர் இப்போது கண்டவர்களிடமெல்லாம் கேட்டார். கடல் உப்பைப் பற்றி ஜவாஹிரிடமும் கேட்டார். ஜவாஹிர் தராசைப் பிடித்தபடியே யோசித்தார். "நானும் எந்த நாளும் உப்பு விக்கிறேன் மாஸ்டர், ஒருநாளும் இத யோசிச்சதே இல்ல" என்றார். இருவரும் சிரித்துவிட்டார்கள். திரும்பி மேட்டில் ஏறும்போது வாத்தியாரின் காது எரியவில்லை.

ஆவணியில் புதுக் கூட்டம் வந்தது. சின்னப் பிள்ளைகளின் விரலை மாலையில் மூக்காயி பிடித்துக்கொண்டாள். அவர் பெரிய பிள்ளைகளைச் சொல்லுக்குக் கூட்டிப் போனார். சொல்லிலிருந்து வரிக்குப் போனார். தை பிறந்து அவை ஊருக்குக் கிளம்பியபோது, சாக்குமூட்டையின் மேல் காப்பிக்கொட்டையை அடுக்கித் தன் பெயரை எழுதிப்போட்டுவிட்டுப் போனான் ஒருவன். காற்று அதைக் கலைக்கும்வரை வாத்தியார் அந்த மூட்டையை நகர்த்த விடவில்லை.

பிறகு இலைநோய் வந்தது. ஒரு காலையில் கங்காணி செல்லச்சாமி ஒரு காப்பி இலையைத் திருப்பி, அடியில் இருந்த மஞ்சள் பொடியை விரலால் வழித்துக் காட்டினார். "இது போவாது வாத்தியாரே. வத்தேகமப் பக்கமெல்லாம் இதே கததான்." அவர் சொன்னபடியே ஆயிற்று. செடிகள் இலையை உதிர்த்துவிட்டு விறகாக நின்றன. ஆவணி வந்தும் கூட்டம் வரவில்லை. ஸ்டோரின் மேல்தட்டு வெறுமையாகக் கிடந்தது. அடுத்த மழைக்குள் துரை கணக்கை மூடினார். இன்னும் உயரத்தில், காய்ச்சல் மருந்துக்குப் பட்டை தரும் சிங்கோனா மரம் நடுகிற தோட்டம் ஒன்றுக்குக் கங்காணி தன் ஆட்களைக் கூட்டிப்போக ஏற்பாடாயிற்று.

மூக்காயி புறப்பட்ட அன்று இரண்டாம் புத்தகத்தில் இன்னும் சில பாடங்கள் மிச்சமிருந்தன. அவர் புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"மழையில நனஞ்சு போயிரும்யா. உங்ககிட்டயே இருக்கட்டும். வேற யாராச்சும் வருவாங்க."

"வருவினம் எண்டு நினைக்கிறீங்களோ?"

"வரலேன்னா நீங்க போங்க." பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். சில அடி போனவள் நின்றாள். "அந்தக் கடலு சங்கதிய மட்டும் யாரையாச்சும் கேட்டு வைங்க. எங்கனயாச்சும் கண்டா சொல்லணும்."

பிறகு அவளை அவர் காணவில்லை. மலைக்கு மலை அலையும் ஆட்களிடம் சில வருஷம் விசாரித்துப் பார்த்தார். பெயர் சொன்னால், எத்தனையோ மூக்காயிகள் இருப்பதாகச் சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்தை மூட வந்த பாதிரியார், தயங்கியபடியே கண்டிப் பள்ளியைப் பற்றி மறுபடி பேச்செடுத்தார். உமது நெஞ்சு இப்போது எவ்வாறு இருக்கிறது என்று விசாரித்தார்.

"நெஞ்சு எண்டு அண்டைக்குச் சொன்னது பொய், ஐயா" என்றார் வாத்தியார். "எனக்கு அந்த வகுப்பெண்டாப் பயம். இப்பவும் பயம்தான்."

பாதிரியார் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "அப்படியானால் பயத்தோடேயே வாரும்" என்றார்.

கண்டியில் பழைய தலைமை ஆசிரியர் காலமாகி வெகுநாளாகியிருந்தது. அதே நீளமான அறை; அதே இடத்தில் கதவு. மூன்றாம் வாரத்திலேயே கொழும்பிலிருந்து பள்ளிப் பரிசோதகர் ஒருவர் வந்தார். நடுவயதுத் தமிழர், முகத்தில் கடுமை ஒன்றும் இல்லை. பையன்களைத் தாண்டிப் போய், அறையின் கடைக்கோடியில் சுவரோடு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நடத்தும்படி கை காட்டினார்.

வாத்தியார் நடத்தினார். ஒரு வரி வந்தது. அடுத்த வரிக்குக் குரல் மெலிந்தது. மூன்றாவது வரியில் சுண்ணாம்புக்கட்டி கரும்பலகையிலேயே நின்றுவிட்டது. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒருவன் குனிந்தான்.

அவர் சுண்ணாம்புக்கட்டியை வைத்தார். வரிசைகளுக்கு நடுவே நடந்து அறையின் கடைசிக்குப் போனார்.

"ஐயா, ஒருக்கா எழும்புங்கோ."

பரிசோதகர் ஒன்றும் விளங்காமல் எழுந்தார். வாத்தியார் அந்தக் கனமான கதிரையை இரண்டு கையாலும் தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பையன்கள் கால்களை இழுத்து வழிவிட, முன்னால் கொண்டுவந்து, கரும்பலகைக்குப் பக்கத்தில், பையன்களின் முகம் பார்க்கும்படி வைத்தார். வைக்கும்போது அதன் கால்கள் பலகைத் தரையில் கடகடவென்று ஆடின.

"பின்னாலை ஆள் இருந்தா எனக்குப் பாடம் ஓடாது. இஞ்சை, எங்களோடை இருங்கோ" என்றார். சால்வை நுனியால் கதிரையை ஒருமுறை துடைத்துவிட்டார்.